விசில் பாயும் காட்டூர் கோலும்

1984ஆம் ஆண்டு பிப்ரவரி பதினொன்றாம் நாள், சனிக்கிழமை. விடியும்போது ஏரியின்மேல் பனி இறங்கியிருந்தது. சற்று நேரத்தில் அது கலைந்து, இதமான வெயில் ஏறிற்று. காற்று சிறிதும் அசையவில்லை. பழவேற்காட்டுப் படகுத்துறையை அடுத்த கொட்டகையில், கௌஸ் மைதீன் இறால் கூடையைத் தராசில் ஏற்றுவதற்கு முன் நன்றாக உதறினார். உதறிய கூடையைத் தலைக்குமேல் உயர்த்தி, அடியிலிருந்து நீர் சொட்டுகிறதா என்று அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டு அவருடைய மூக்குக் கண்ணாடியில் விழுந்தது. மறுபடியும் உதறினார்.

"இன்னும் எவ்ளோ நேரம் தாலாட்டுவே பாய்?" என்றாள் இருசம்மாள். இடுப்பளவு நீரில் நின்று, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவள் அவள். "பச்சக் கொழந்தயா அது? தூங்கிடப் போவுது."

"தண்ணி நிக்கணும், இருசம்மா."

"ஏரி குடுத்த தண்ணி. உன் மொதலாளி ஊட்டுக் கெணத்துத் தண்ணியா? ரெண்டு சொட்டு இருந்தா இன்னா கெட்டுப்பூடும்?"

"உனக்கு முன்னால வந்தவ கூடையையும் இப்டித்தான் ஒதறுனேன்."

"அதான் பேஜாரு. உங்கிட்ட சண்டயும் போட முடியல, சந்தோசமாவும் பூட முடியல."

மைதீன் கூடையைத் தராசில் ஏற்றினார். தராசு முள் நிலைகொள்ளும்வரை இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கை பட்டு முள் சாய்ந்தது என்று பிறகு ஒருவரும் சொல்லக்கூடாது என்பது அவர் எண்ணம்.

ஐம்பத்தைந்து வயதிலும் வயிறு விழாத உடல், நீளமான கால்கள், கரண்டைக்கு மேல் தூக்கிக் கட்டிய சாரம், அரைக்கை வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் கறுப்புக் கயிற்றில் கோத்த ஒரு பித்தளை விசில். சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கியது. வெள்ளிக்கிழமைதோறும் அதைப் புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, ஊதிப் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொள்வார். ஊரில் இரண்டு மைதீன்கள் இருந்தபடியால், இவரை விசில் பாய் என்றே அழைத்தார்கள்.

கால்பந்து நடுவராக இருந்த காலத்துப் பழக்கங்கள் சில அவரை விடவில்லை. பேசும்போது எதிரே நிற்பவரைப் பார்த்தபடியே பின்னோக்கி நடப்பார். அவ்வாறு நடந்து ஒருமுறை மஸூதாவின் இட்லிக் கடைக்குள் முதுகால் நுழைந்து, மாவுப் பாத்திரத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஏரிக்கரை மைதானத்தை அவர் குறுக்கே கடப்பதில்லை. அங்கே ஆட்டம் இல்லாத நாளிலும், ஆடுகள் மட்டுமே மேய்கிற நாளிலும், கோடு இருந்த இடத்தை ஒட்டிச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

மற்ற எல்லாவற்றிலும் அவரைப் போல் விட்டுக்கொடுப்பவரைக் காண்பது அரிது. பொன்னேரிப் பேருந்தில் இடம் பிடித்து உட்காருவார். யாராவது அருகில் வந்து நின்று ஒரு பெருமூச்சு விட்டால் போதும், எழுந்துவிடுவார். சட்டைத் துணியை மனைவி மெஹருன்னிசா எடுப்பாள். மீனைக் கடைக்காரன் எடுத்துத் தருவான். முடியை எவ்வளவு வெட்டுவது என்பதை நாவிதர் முடிவு செய்வார். "உங்க இஷ்டம்" என்பதுதான் அவர் வாயிலிருந்து அதிகம் வந்த சொல். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு பந்தின் பொருட்டுப் பதினான்கு ஆண்டுகளாக இரண்டு ஊர்களின் வாயில் விழுந்துகொண்டிருந்தார்.

அது 1970ஆம் ஆண்டு மே மாதம் நடந்தது. பழவேற்காட்டு ஏரிக்கரை விளையாட்டுக் கழகத்துக்கும் காட்டூர் கழகத்துக்கும் ஆண்டுதோறும் நடக்கும் ஆட்டம். நெல் விளைவிக்கிற காட்டூர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். ஏரியில் அன்று படகு இறங்காது. அதுவரை சவுக்குக் கோல் கம்பங்களுக்குப் பின்னால் வலை கட்டியதில்லை. அந்த ஆண்டு முறைப்படி வலை வேண்டும் என்று கழகத்தார் ஆசைப்பட்டார்கள். குப்பத்து முனியன் தன் பழைய வலை ஒன்றைக் கொண்டுவந்து, தானே கட்டிக் கொடுத்தான்.

முனியனுக்கு வலை கட்டத் தெரிந்த விதம் ஒன்றுதான். மிதவை கோத்த கயிற்றை மேலே கட்டினான். ஈயக் குண்டு கோத்த கயிற்றைக் கீழே தொங்கவிட்டான். தரையில் முளை அடிக்கவில்லை. தண்ணீருக்குள் அந்தக் குண்டுகள் வலையைச் சேற்றோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மீன் அடியில் நுழைந்து போக முடியாது. மணல்மேல் நிற்கும் வலைக்குக் காற்று என்ற ஒன்று உண்டு என்பதை முனியன் நினைக்கவில்லை. வேறு எவரும் நினைக்கவில்லை. பிற்பகல் கடற்காற்று எழுந்ததும் வலை பாயைப் போலப் புடைத்தது. அடிக்கயிறு குண்டுகளோடு எழும்புவதும் விழுவதுமாக இருந்தது.

ஆட்டம் முடியும் தறுவாயில், இரு அணியும் சமமாக இருந்தபோது, காட்டூர்ச் சகாதேவன் வலப்புறத்திலிருந்து ஓடிவந்து, கீழே விழுந்துகொண்டே உதைத்தான். பந்து வலைக்குள் போய் நின்றது. வண்டிகளின்மேல் நின்றிருந்த காட்டூர் மொத்தமும் குதித்தது. கோல் கம்பத்தின் அருகே ஓடிவந்து நின்ற மைதீன் மட்டும் வேறொன்றைக் கண்டார். பந்து கம்பத்துக்கு வெளியே போயிற்று. பக்கவாட்டில் எழும்பியிருந்த வலையின் அடியில் புகுந்து, உள்ளே உருண்டது. மறுகணம் காற்று தணிந்தது; குண்டுகள் மணலில் அமர்ந்தன; ஒன்றும் நடவாதது போல் வலை நின்றது. கோல் காப்பவன் முகம் மணலில் புதைந்திருந்தது. கோலுக்குப் பின்புறம் ஏரி. அங்கே பார்க்க ஆளில்லை.

மைதீன் விசில் ஊதி, கோல் இல்லை என்று கையசைத்தார்.

"மீனே வெளிய போவாத வலையில பந்து எப்டிய்யா உள்ள பூந்துச்சு?" என்று காட்டூர்க்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு விடை சொல்லக்கூடிய முனியனோ, தன் வலையைக் குறை சொன்னதாக எண்ணிக் கொதித்தான். "எங்க வலை தூக்காது பாய். எங்க நைனா காலத்து வலை. தூக்குச்சுன்னு சொன்னா நான் ஏரியில எறங்கறதில்ல" என்று கூட்டத்தின் நடுவே சொன்னான். ஆகவே, தோற்ற ஊரும் மைதீனை நம்பவில்லை. தோற்காத ஊரும் நம்பவில்லை. காட்டூர் அணி ஆட்டத்தை முடிக்காமலே வண்டி ஏறிற்று; கோப்பை பழவேற்காட்டிலேயே தங்கிவிட்டது. அதன்பின் அந்த ஆட்டம் நடக்கவில்லை. நடுவராக இருக்கும்படி எவரும் மைதீனை அழைக்கவும் இல்லை. சகாதேவன் சென்னைத் தொழிற்சாலை ஒன்றின் அணியில் சேர்ந்து, பெயர் வாங்கி, ஆடி ஓய்ந்து, இப்போது காட்டூர்க் கழகத்துக்குத் தலைவராகிவிட்டார்.

அந்தச் சகாதேவன்தான் அன்று மாலை ஏரிக்கரைக் கழகத்தின் ஆண்டு விருந்துக்குச் சிறப்புப் பேச்சாளராக வரவிருந்தார்.

இருசம்மாளின் கூடைக்குப் பிறகு தராசு சற்று ஓய்ந்தபோது, கழகச் செயலாளர் அபூபக்கர் கொட்டகைக்கு வந்தார். அவர் மெஹருன்னிசாவின் தம்பி.

"மச்சான், சகாதேவன் சாயங்காலம் வந்துடுவாரு."

"தெரியும். காட்டூர்க்காரங்களுக்குத் தனியா எல போடச் சொல்லியிருக்கேன்."

"எல இல்ல விசயம். அவரு தலையாட்டுனா மேட்ச் மறுபடி நடக்கும்."

மைதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆட்டுவாரா?"

"ஆட்டுவாரு. ஒண்ணே ஒண்ணு கேக்கறாரு. மேடையில நீங்க ஒரு வார்த்த சொல்லணுமாம். அன்னிக்கி உழுந்தது கோல்தான்னு."

மைதீனின் கால்கள் தாமாகவே பின்னோக்கி நகர்ந்தன. அபூபக்கர் ஒவ்வோர் அடியாக முன்னால் வந்தார்.

"வாயால சொல்றதுதான மச்சான்? கப்ப எவனும் திருப்பிக் கேக்கல. சிரிச்சிகினே சொல்ட்டு எறங்கிடுங்க. மேட்ச்ச ஏப்ரல்ல வெச்சிக்கலாம். கமிட்டியில பேசிட்டேன். விசில் உங்க கையில."

"எங் கையிலயா?"

"வேற எவன்கிட்ட அப்டி ஒரு விசில் கீது?"

முதுகு ஐஸ் பெட்டியில் இடித்ததும் மைதீன் நின்றார். சில்லென்று ஏறியது. அவருடைய கை சட்டைப் பைக்குப் போய், கயிற்றைத் தொட்டு, திரும்பி வந்தது.

"பாக்கறேன்" என்றார்.

"பாக்கறதுக்கு இன்னா கீது? எல்லா விசயத்துக்கும் உங்க இஷ்டம், உங்க இஷ்டம்னு சொல்ற மனுசன் இதுக்கு மட்டும் பாக்கறேன்றீங்க."

நண்பகல் உணவின்போது மெஹருன்னிசாவும் அதையே எடுத்தாள். தம்பி முதலில் அவளிடம்தான் வந்து சொல்லியிருந்தான்.

"கல்யாணம் ஆன நாள்லேந்து எங்கிட்ட ஒரு சண்டையில ஜெயிச்சதுண்டா நீங்க?"

"இல்ல."

"தோத்துட்டு நல்லாத்தான் இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப அங்கயும் தோத்துட்டு வாங்களேன். ராத்திரி தூக்கத்துல வாய் குவிச்சு விசில் ஊதறீங்க. சத்தம் வராது, காத்துதான் வரும். நான் முழிச்சிக் கெடந்து கேக்கறேன்."

மைதீன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். தாம் உறக்கத்தில் ஊதுவது அவருக்கு அதுவரை தெரியாது. அந்த ஆட்டத்தின் தொடக்கத்தில் இரு அணியும் அசையாமல் நிற்கும் ஒரு நொடியையும், தம் மூச்சுக்காகவே இருபத்திரண்டு பேர் காத்திருப்பதையும் அவர் நினைத்துக்கொண்டார். ஏப்ரலில் அது மறுபடி கிடைக்கும். ஒரு சொல் போதும்.

"உங்க இஷ்டம்னு சொல்லுங்க" என்றாள் மெஹருன்னிசா.

அவர் எழுந்து கை கழுவப் போனார்.

விருந்து, மைதானத்தை ஒட்டிய ஓலைப் பந்தலில், மஃரிப் என்னும் அந்தித் தொழுகை முடிந்ததும் தொடங்கிற்று. விருந்தில் மைதீனுக்கு எப்போதும் ஒரே வேலை: யாரை எந்தச் சஹனில் உட்கார வைப்பது என்று பார்ப்பது. சஹன் என்னும் பெரிய வட்டத் தட்டில் நெய்ச்சோறு பரப்பி, நடுவே கறியைக் குவித்து வைப்பார்கள். நால்வர் சுற்றி அமர்ந்து உண்பார்கள். அவரவர் தமக்கு எதிரே உள்ள சோற்றைத்தான் எடுக்க வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத இருவரைத் தேடிப்பிடித்து ஒரே சஹனில் உட்கார வைப்பது மைதீனின் வழக்கம். நல்ல துண்டு ஒன்றை இருவரும் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் சும்மா இருக்க முடியும்? யாராவது ஒருவர் மற்றவர் பக்கம் தள்ளித்தான் ஆகவேண்டும். அவ்வாறு பல மனத்தாங்கல்களை அவர் தீர்த்து வைத்திருக்கிறார். காட்டூர் விருந்தினருக்கு மட்டும், அவர்கள் வழக்கப்படி, பந்தலின் ஓரத்தில் வாழையிலை போட்டிருந்தது.

முதலில் பேசியவர் செசிலியா. மாநில அளவில் ஓடியவர். இப்போது பொன்னேரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியை. ஒலிவாங்கியை ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டுத் தொடங்கினார்.

"எனக்குப் பேச வராது, ஓட வரும். ஒருதடவ மெட்ராஸ்ல நூறு மீட்டர். மத்தவங்க எல்லாம் திரும்பிப் பாக்கறதுக்குள்ள நான் ஓடி முடிச்சிட்டேன். கை தட்டுவாங்கன்னு நின்னேன். துப்பாக்கியே சுடலம்மான்னாங்க." பந்தல் சிரித்தது. "திரும்பி வந்து மறுபடி ஓடினேன். மூணாவதா வந்தேன். மொதல்ல ஓடுனேன் பாருங்க, அந்த மாதிரி நான் ஓடுனதே இல்ல. ஆனா அது சேராது. அவ்ளோதான். வணக்கம்."

பந்தலின் பின்புறம் செப்புக் கூஜாவோடு நின்றிருந்த மைதீன், கூஜாவைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்ததை அவரே பிறகுதான் உணர்ந்தார்.

அடுத்து சகாதேவன். தொழிற்சாலை அணியின் நீலக் கோட்டு அவர் வயிற்றுக்கு இப்போது பொருந்தவில்லை; பொத்தான் போடாமல் அணிந்திருந்தார். நன்றாகப் பேசினார். நாற்காலி ஒன்றைக் கோல் கம்பமாக நிறுத்தி, அந்தப் பந்தை எப்படி உதைத்தார் என்று ஓடியும் சாய்ந்தும் காட்டினார். காட்டூர்க்காரர்கள் இலைகளின் பின்னிருந்து சீட்டி அடித்தார்கள். பழவேற்காட்டாரும் சிரித்து ரசித்தார்கள்.

"மெட்ராஸ்ல எவ்வளவோ கோல் போட்டுட்டேன். ஒண்ணுகூட ஞாபகம் இல்ல. ராத்திரி படுத்தா இந்தப் பந்துதான் வருது. வலைக்குள்ள போயி நிக்குது. உடனே ஒரு விசில் கேக்குது. எழுந்து உக்காந்துக்கறேன்." சற்று நிறுத்திப் பின்புறம் நோக்கினார். "விசில் பாய் எங்க? மேல வரட்டும்."

எல்லாத் தலைகளும் திரும்பின. அபூபக்கர் மேடையோரத்தில் நின்று, வாருங்கள் என்று தாழ்வாகக் கையசைத்தார். மைதீன் பந்தலின் நடுவே வராமல், ஓரத்துக் கம்பங்களை ஒட்டியே நடந்து மேடை ஏறினார். ஒலிபெருக்கி ஒருமுறை வீரிட்டு அடங்கிற்று.

சொல்லிவிடலாம் என்றுதான் அவர் ஏறினார். 'அது கோல்தான்' என்ற சொல் பல் வரைக்கும் வந்தது. சொன்னால் காட்டூர் கைதட்டும், அபூபக்கர் மூச்சு விடுவார், மெஹருன்னிசா தூங்குவாள். எதிரே, பந்தலுக்கு வெளியே, வெறும் கோல் கம்பங்கள் இரண்டும் இருட்டில் தெரிந்தன. அவற்றின் பின்னால் வலை புடைப்பதும், ஈயக் குண்டுகள் மணலைவிட்டு எழும்புவதும், அந்த இடைவெளியில் பந்து நுழைவதும் அவர் கண்ணுக்குத் தெரிந்தன.

"சோறு ஆறுது" என்றார். "எல்லாரும் கை கழுவிட்டு உக்காருங்க."

பந்தல் அதிரச் சிரித்தது. சகாதேவனும் சிரித்தார், ஆனால் முதலில் நிறுத்தியவரும் அவர்தான். அபூபக்கர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சஹன்கள் வந்து இறங்கின. மைதீன் ஒவ்வொருவராக உட்கார வைத்து முடித்து, கடைசிச் சஹனில் தாமும் அமர்ந்தார். எதிரே அபூபக்கர் தட்டைப் பார்த்தபடி இருந்தார். பக்கத்தில் முனியன். நான்காமவர் இடம் காலியாக இருந்தது.

இலைப் பந்தியிலிருந்து சகாதேவன் எழுந்து வந்தார். கோட்டைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார்.

"எனக்கு எல வாணாம். இங்கியே உக்காந்துக்கறேன்."

"எங்க பழக்கம், தம்பி. ஒரே தட்டு. உங்களுக்குத் தோதுப்படுமா?" என்றார் மைதீன்.

"ஆஸ்டல்ல எட்டு பேரு ஒரே குண்டான்ல தின்னவன் நான். தள்ளிக்க பாய்."

மைதீன் தள்ளிக்கொண்டார். நால்வரும் உண்டார்கள். நடுவில் குவிந்திருந்த கறி குறைந்துகொண்டே வந்தது. நல்லி எலும்பு ஒன்று மட்டும், நல்ல பருமனானது, மைதீனின் பக்கத்துச் சோற்றில் சரிந்து கிடந்தது. அதை அவர் தொடவில்லை.

"பாய்" என்றார் சகாதேவன். குரல் மேடையில் கேட்டது போல் இல்லை. "மேல நீ கோல்னு சொல்லியிருந்தா கைதட்டியிருப்பேன். ஆனா ஊட்டுக்குப் போறப்ப யோசிச்சிருப்பேன், மேட்ச்சுக்காக சொல்றானா, நெஜமா சொல்றானான்னு. நான் கீழ உழுந்து கெடந்தேன். நிமிந்தா பந்து உள்ள இருந்துச்சு. உள்ள எப்டிப் போச்சுன்னு நான் பாக்கல. பாத்தவன் நீ ஒருத்தன்தான்."

முனியன் சோற்றிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. அபூபக்கரின் கை சஹனின் விளிம்பில் அப்படியே நின்றது. கண்கள் மட்டும் மைதீனின் சட்டைப் பையில் தொங்கிய கறுப்புக் கயிற்றின்மேல் இருந்தன.

"ஊருக்காக வாணாம். எனக்குச் சொல்லு. அது கோலா, இல்லியா?"

மைதீன் உள்ளங்கையின் ஓரத்தால் தம் பக்கத்துச் சோற்றை மெல்ல விலக்கினார். நல்லி எலும்பை எடுக்காமல், தள்ளிக்கொண்டே போய், சகாதேவனுக்கு எதிரே நிறுத்தினார்.

"இல்ல தம்பி. கம்பத்துக்கு வெளிய போயி, வலைக்கு அடியால பூந்துச்சு."